கண்ணுக்குத் தந்த திகதி

— இன்னும் குனியடா. மூக்கு மேசையிலை முட்டவேணும்.

— இதுக்கு மேலை குனிஞ்சா பல்லுத்தான் முட்டும் அக்கா.

— முட்டட்டும். நிலத்தைப் பார். மேல் இமையை நான் இழுத்துப் பிடிக்கிறன், கீழ் இமையை நீ பிடி. யதுஷா, அந்த லென்ஸுக்குள்ளை தண்ணியை நிரப்பிக்கொண்டு வா பிள்ளை.

— தண்ணி இல்லை அம்மா, சேலைன். குழாய்த் தண்ணி பட்டா கண்ணுக்குள்ளை கிருமி போயிடும்.

— பாத்தியே மதி, உன்ரை மருமேள் மருந்துக்கடையிலை வேலை பழகப் போனதிலை இருந்து இந்த வீட்டிலை தண்ணிக்கும் வேறை பேர்.

— அவள் சொல்லுறது சரிதான் அக்கா. நீங்கள் இமையை விடாமல் பிடியுங்கோ.

— எங்கடை முதியோர் இல்லத்திலை எத்தினை கிழவியளுக்குக் கண்ணிலை மருந்து விட்டவள் நான். ஒருத்தியும் உன்னை மாதிரித் துள்ளினதில்லை.

— துளி வேறை, இது வேறை. கண்ணுக்கு நேரை ஒரு சின்னக் கோப்பையைக் கொண்டுவந்தா, அது துள்ளாமல் என்ன செய்யும்?

— மாமா, கதைக்காதேங்கோ. நிரம்பிட்டுது, கொண்டுவாறன். கண்ணை விரிச்சுக்கொண்டு இருங்கோ. கிட்ட வந்திட்டன். மெல்ல அமத்துறன், இமைக்காதேங்கோ.

— இமைச்சுப்போட்டன்.

— ஏன்ரா இமைச்சனீ?

— நான் எங்கை இமைச்சன், அது தன்ரை பாட்டிலை இமைக்குது.

— பரவாயில்லை, உள்ளை போயிட்டுது. நிமிருங்கோ மாமா, ரோர்ச் அடிச்சுப் பாப்பம். இல்லை, சரிவரேல்லை. குமிழி ஒண்டு நிக்குது, கண்மணிக்கு நேரை. கழட்டவேணும்.

— சின்னக் குமிழிதானே பிள்ளை, கிடக்கட்டுமன். நேரம் போகுது.

— அந்தக் குமிழிக்குள்ளாலைதான் மாமா எழுத்தைப் பாக்கவேண்டி வரும் அம்மா. டொக்டர் கீழ் வரியை வாசி எண்டு சொல்ல, இவர் குமிழியை வாசிப்பாரோ?

— கழட்டு மருமேள், கழட்டு. டொக்டரிட்டைப் பழகேக்கை நானே போட்டனான். இண்டைக்குத்தான் கை ஆடுது.

— ஆடாமல் என்ன செய்யும்? பதினொரு மணிக்குக் கண் டொக்டரிட்டைத் தெர்மின். அவர் இந்த லென்ஸோடை உன்னைப் பாத்து, பார்வை காணும் எண்டு எழுதிக் குடுத்தாத்தான் லைசென்ஸ் திரும்பி வரும். லைசென்ஸ் வந்தாத்தான் பேக்கரி வான். அது எனக்கும் தெரியுது, உன்ரை கைக்கும் தெரியுது.

— பேக்கரி முதலாளி நேற்றும் கேட்டவர். நல்ல மனுசன்தான். ஆனா நான் ஓடுற பாதைக்கு இப்ப ஒரு போர்த்துக்கீசுப் பெடியனை விட்டிருக்கினம். அவன் ஸ்டைன் ஊர் வரைக்கும் எல்லா ஹோட்டலுக்கும் நேரத்துக்குப் பாண் குடுக்கிறானாம். அதைச் சொல்லேக்கை அவற்றை முகம் எப்பிடி இருந்ததெண்டு எனக்குத் தெரியேல்லை. எனக்கு ஆற்றை முகமும் தெரியாதுதானே.

— உப்பிடிக் கதைக்காதை. வேலை இல்லையெண்டா இஞ்சை இருக்க விடுற உன்ரை பி விசாவைப் புதுக்கேக்கை என்னத்தைக் காட்டுறது? அத்தான் நேற்றிரவு முழுக்க உதைத்தான் சொல்லிக்கொண்டு கிடந்தார். யதுஷா, ரெலிபோன் அடிக்குது, ஆரெண்டு பார்.

— டான்ஸ் டீச்சர். மெசேஜ்தான் அம்மா. மிருதங்கக்காரருக்கும் வயலின்காரருக்கும் இந்தியாவிலை விசா குடுத்திட்டினமாம்.

— அப்பாடா. அம்மாளாச்சி கண் திறந்திட்டா. இனி அரங்கேற்றத்துக்கு ஒரு குறையும் இல்லை. மண்டபமும் சரி, உடுப்பும் வந்திட்டுது, கார்ட்டும் குடுத்து முடிச்சாச்சு. இனி நீ ஆடுறதுதான் மிச்சம்.

— ஓம் அம்மா.

— ஓம் எண்டு இழுக்காதை. அபிநயத்துக்கு ஏன் கண்ணைச் சுருக்கிறாய் எண்டு டீச்சர் போன கிழமையும் பேசினவ. கை போற இடத்துக்குக் கண் போகவேணுமாம். உன்ரை கண் எங்கையோ நிக்குதாம்.

— பாத்துச் செய்யிறன்.

— விடுங்கோ அக்கா. என்ரை கண்ணைப் பாக்கிற நேரத்திலை அவளின்ரை கண்ணை ஏன் பேசுறியள்? மருமேள், கழட்டிறதை எடு.

— இந்தாங்கோ. ரப்பர் சூப்பி மாதிரி இருக்கே, அதை விளிம்பிலை ஒட்டிச் சரிச்சு இழுக்கவேணும். நடுவிலை ஒட்டக் கூடாது. வந்திட்டுது பாத்தீங்களோ.

— ஒண்டு கேக்கிறன் மதி, கோவியாதை. அத்தானும்தான் கண்ணாடி போடுறார், நானும்தான் வாசிக்கக் கண்ணாடி போடுறன். உனக்கு மட்டும் ஏன் ஒரு கண்ணாடியும் ஏறேல்லை? எனக்கு இது இன்னும் வடிவா விளங்கேல்லை.

— மருமேள் சொல்லுவாள். எனக்குச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு.

— கண்ணுக்கு முன்னாலை கண்ணாடி மாதிரி ஒரு தோல் இருக்கு அம்மா. அது பந்து மாதிரி வட்டமா வளைஞ்சு இருக்கவேணும். மாமாவுக்கு அந்தத் தோல் மெலிஞ்சுகொண்டு போய், நடு இடம் முன்னாலை தள்ளி, கூம்பு மாதிரி வந்திட்டுது. நேராப் போகவேண்டிய வெளிச்சம் எல்லாப் பக்கமும் கோணலாப் போகும். கண்ணாடி மூக்கிலை நிக்கிறது, கண்ணிலை இருக்கிற கோணலை அது என்ன செய்யும்? இந்த லென்ஸ் அப்பிடி இல்லை. கூம்பிலை முட்டாமல் மேலாலை மூடி நிக்கும். இடையிலை நிக்கிற சேலைன்தான் பள்ளத்தை நிரப்பி வட்டமாக்கும். அதுக்குத்தான் குமிழி வரக் கூடாது எண்டு சொல்லுறன்.

— பலூனிலை ஒரு இடம் மெலிஞ்சுபோனா, ஊத ஊத அந்த இடம் மட்டும் புடைச்சு வருமே அக்கா. அதுதான் என்ரை கண்.

— அப்ப உனக்கு எல்லாம் மங்கலோ?

— மங்கல் எண்டாலும் பரவாயில்லை. எல்லாம் கூட்டம். ஒரு லைட் எனக்கு ஆறேழு லைட், ஒவ்வொண்டுக்கும் ஒரு வால். ரைன் ஆத்திலை இருந்து பனிப்புகார் ஏறுற விடியக்காலையிலை, எதிரை வாறது ஒரு காரோ கலியாண ஊர்வலமோ தெரியாது. எழுத்து எண்டா எழுத்துக்கு மேலை எழுத்து நிக்கும். கடைசியா ஓடின நாள் ஒரு ஹோட்டல் பின் கதவிலை ரெண்டு கைபிடி தெரிஞ்சது. நான் இல்லாத கைபிடியைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு நிக்கிறன். உள்ளை இருந்து குசினிக்காரன் சிரிக்கிறான், மதி குடிவெறியிலை வந்திட்டார் எண்டு.

— அண்டைக்கே எனக்குச் சொல்லியிருக்கலாம்.

— சொல்லி? நீங்கள் நேத்தி வைச்சிருப்பியள்.

— வைச்சிருக்கிறன்தான். வெள்ளியிலை கண்மடல் செய்து கோயிலுக்குக் குடுக்கிறதெண்டு.

— எந்தக் கண்ணுக்கு அக்கா? வலதுக்கோ இடதுக்கோ?

— பகிடி விடாதை.

— பகிடி இல்லை. இடது கண் ஒருநாள் உள்ளாலை கிழிஞ்சு, தண்ணி ஊறிப் பால் ஊத்தின மாதிரி வெளுத்துப் போச்சு. இனி அதுக்கு வேறை ஆளின்ரை கண்தோல் வைச்சுத் தைக்கவேணும். அதுக்கு ஆரோ சாகவேணும். கோயிலிலை போய் நிண்டா என்னத்தைக் கேக்கிறதெண்டே எனக்குத் தெரியிறேல்லை. கெதியா ஒரு ஆளை எடு எண்டு கேக்கவோ? அதுதான் சும்மா கும்பிட்டுப்போட்டு வாறன்.

— மாமா, குனியுங்கோ. திரும்ப நிரப்பிட்டன்.

— இந்தா. பிடியுங்கோ அக்கா.

— பிடிச்சிட்டன். மூச்சை மெல்ல விடு. நான் இருக்கிறன்தானே, ஏன் பயப்பிடுறாய்.

— இப்ப இமைக்காதேங்கோ மாமா. வாறன், வாறன். போட்டாச்சு. மாமா, முதல் நீங்கள் கீழ் இமையை விடுங்கோ, பிறகு அம்மா மேல் இமையை. நிமிருங்கோ. ரோர்ச்.

— குமிழி?

— இல்லை. நல்லா இருந்திட்டுது.

— அம்மாளாச்சி. மதி, அங்கை பார், சுவரிலை கலண்டர். என்ன தெரியுது?

— முருகன்.

— முருகன் எண்டு எனக்கும் தெரியும், நீ நெடுகப் பாக்கிற கலண்டர். எழுத்தை வாசி.

— மேலை கடையின்ரை பேர். தமிழிலை, கீழை டொச் பாசையிலை. மாதம் தெரியுது. திகதியும் தெரியுது. அதுக்குக் கீழை ராகு காலம் போட்டிருக்கிற வரி, அது ரெண்டு வரியா நிக்குது. ஒண்டிலை ஒண்டு ஏறி.

— டொக்டர் அவ்வளவு சின்ன எழுத்துக் கேப்பாரோ?

— தெரியேல்லை அக்கா. ஒரு கண்ணோடை ஓடுறவனுக்கு அந்த ஒரு கண் மற்றவையை விடக் கூடத் தெரியவேணுமாம்.

— கொஞ்ச நேரம் போக இன்னும் தெளியும் மாமா. லென்ஸ் இருந்து பழகவேணும்.

— இஞ்சை வா மருமேள், வெளிச்சத்துக்கு வா. எவ்வளவு காலத்துக்குப் பிறகு உன்ரை முகத்தை ஒரு முகமாப் பாக்கிறன். வளந்திட்டாய். அக்கா, இவளுக்கு உங்கடை நாடி.

— என்ரை நாடிதான், அவரின்ரை பிடிவாதம்.

— பொறு, உன்ரை கண் ஏன் உப்பிடிச் சிவந்து கிடக்கு? கசக்கினனீயோ?

— பூ அலர்ஜி மாமா. புல்லுப் பூக்கிற காலம்தானே.

— என்ன கடிச்சாலும் கண்ணைக் கசக்காதை. எனக்கு டொக்டர் சொன்ன முதல் பேச்சே அதுதான். கசக்கிக் கசக்கித்தான் நான் இதை இன்னும் கெடுத்தனான். பேக்கரி மாத் தூசிக்குள்ளை நிண்டு, இரண்டு கையாலையும் போட்டுக் கசக்குவன், சுகமா இருக்கும்.

— அதையேதான் நானும் இவளுக்குச் சொல்லுறன். படிக்கேக்கையும் கசக்கல், படுக்கேக்கையும் கசக்கல். பதினெட்டு முடிஞ்ச கையோடை கார் பழகப்போறன் எண்டு துள்ளிக்கொண்டு நிண்டாள். கண்ணாடிக் கடையிலை போய்க் கண்ணும் சோதிச்சு வந்தாள். அதுக்குப் பிறகு காரைப் பற்றிப் பேச்சே இல்லை. இந்தக் காலத்துப் பிள்ளையளுக்கு எதிலையும் நிலை இல்லை.

— அரங்கேற்றம் முடியட்டும் அம்மா.

— சரி, முடியட்டும். இப்ப வெளிக்கிடுங்கோ. நானும் வாறன்.

— நீங்கள் ஏன் அக்கா? உங்களுக்கு மத்தியானம் வேலை.

— மாத்திப்போட்டன். அந்த டொக்டரிட்டை எனக்கு ஒரு கேள்வி கிடக்கு. இந்த வருத்தம் தொடக்கத்திலை பிடிபட்டா நிப்பாட்டலாம் எண்டு நீதானே யதுஷா எனக்குச் சொன்னனீ? விற்றமின் துளி விட்டு, ஏதோ வெளிச்சம் அடிச்சு.

— ஓம். ஊதா வெளிச்சம். தோல் இறுகிடும். கோணினது நிமிராது, ஆனா இனிமேல் மோசமாகாமல் நிக்கும்.

— இவனின்ரை இடது கண்ணுக்கு ஏன் அது செய்யேல்லை?

— மெலிஞ்சு ஒரு அளவுக்குக் கீழை போனா செய்ய ஏலாது அம்மா. உள்ளுக்குப் பழுதாகிடும். வலது கண்ணுக்கு மட்டும் பிறகு செய்தவை, அது நிண்டிட்டுது. இடதுக்குப் பிந்திட்டுது.

— அதைத்தான் கேக்கிறன், ஏன் பிந்தினது? எங்கடை இல்லத்திலை இஞ்சத்தைக் கிழவி ஒருத்திக்குக் கண்ணிலை ஒரு தூசு விழுந்தா அடுத்த நாளே கூட்டிக்கொண்டு போறம். என்ரை தம்பி எண்டா மட்டும் மெலியுமட்டும் பாத்துக்கொண்டு இருப்பினமோ? நாங்கள் வந்த சனம், வாய் திறக்காதுகள் எண்ட எண்ணம். இண்டைக்கு வாய் திறக்கிறன்.

— அக்கா, வேண்டாம். இண்டைக்கு அவற்றை கையிலைதான் என்ரை லைசென்ஸ் இருக்கு.

— மரியாதையாத்தான் கேப்பன். எனக்குக் கோவம் வந்தா டொச் வராது, அதாலை யதுஷா சொல்லட்டும். நான் தமிழிலை சொல்லுறதை அப்பிடியே சொல்லு பிள்ளை. ஏன் என்ரை தம்பிக்கு நேரத்துக்குச் செய்யேல்லை, ஆர் இதுக்குப் பொறுப்பு எண்டு.

— நான் சொல்லமாட்டன்.

— என்ன?

— அதை நான் சொல்லமாட்டன் அம்மா. அவை நேரத்துக்குத்தான் திகதி தந்தவை.

— மருமேள், வாயை மூடு.

— ஆர் தந்தது? எப்ப? மதி, என்ன இவள் சொல்லுறாள்?

— ஒண்டும் இல்லை அக்கா. வெளிக்கிடுவம், பஸ் போயிடும்.

— அடுத்த பஸ்ஸிலை போவம். யதுஷா, நீ சொல்லு.

— நான் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டுக் கிழமையிலைதான் மாமாவின்ரை இடது கண்ணுக்கு அந்த ஊதா வெளிச்ச ஒப்பரேசன் இருந்தது. வியாழன் ஒப்பரேசன், சனி சாமத்திய வீடு. அது செய்தா கொஞ்ச நாளைக்கு வெளிச்சம் பாக்க ஏலாது, நோகும், கண்ணிலை தண்ணி படக் கூடாது, புகை ஆகாது. வீடியோக்காரரின்ரை லைட்டுக்கு முன்னாலை நிக்கவே ஏலாது. தாய்மாமன் இல்லாமல் என்ரை தலையிலை பால் அறுகு ஆர் வைக்கிறது, முதல் தண்ணி ஆர் வாக்கிறது எண்டு கேட்டார். திகதியை மாத்தச் சொன்னார்.

— ஆரிட்டைச் சொன்னவன்?

— என்னட்டை. நான்தான் ஆஸ்பத்திரிக்கு ரெலிபோன் எடுத்துக் கதைச்சனான்.

— நீயோ? அப்ப உனக்குப் பதின்மூண்டு வயசு.

— இந்த வீட்டிலை டொச்சிலை ரெலிபோன் எடுக்கிறதெண்டா எப்பவும் நான்தானே அம்மா. காப்புறுதிக்கும் நான், வீட்டுக்காரனுக்கும் நான். ஆஸ்பத்திரிப் பொம்பிளை ரெலிபோனிலை கேட்டவ, ஏன் மாத்துறீங்கள், சுணக்கினா நல்லதில்லை எண்டு. வீட்டிலை ஒரு விழா எண்டன். ஆற்றை விழா எண்டு கேட்டவ. எனக்குச் சொல்ல வெக்கமா இருந்தது.

— அவளை ஏன் அக்கா பாக்கிறியள்? பிள்ளை என்ன செய்வாள். நான்தான் சொன்னனான். அம்மாவுக்குச் சொல்லாதை எண்டு சத்தியமும் வாங்கினனான். அப்ப எனக்கு நோவும் இல்லை ஒண்டும் இல்லை, மற்றக் கண் நல்லாத் தெரிஞ்சது. ஒரு மாதம் பிந்தினா என்ன எண்டு நினைச்சன். பிறகு புதுத் திகதி வந்தது, அந்த நேரம் பேக்கரியிலை நத்தார் வேலை. அதையும் விட்டன். அடுத்தமுறை போக, மெலிஞ்சிட்டுது எண்டினம்.

— விசரா. அறிவு கெட்ட விசரா. ஒரு சடங்குக்குக் கண்ணைக் குடுப்பானோ ஒருத்தன்?

— நீங்கள் ஊருக்கெல்லாம் சொல்லிப்போட்டியள் அக்கா. கூர் பட்டணத்திலை இருந்து சித்தப்பா ஆக்கள், லண்டனிலை இருந்து அத்தானின்ரை சனம். மூண்டு தட்டுக் கேக். பல்லக்குக் கூட எடுத்திருந்தியள். அதுக்குள்ளை நான் வந்து எனக்குக் கண் எண்டு சொல்லவோ?

— சொல்லியிருக்கவேணும்.

— சொன்னா?

— மண்டபத்தை விட்டிருப்பன்.

— விட்டிருக்க மாட்டியள். ஒரு கறுத்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து நில், சனம் கேட்டா ஸ்டைல் எண்டு சொல்லு எண்டிருப்பியள்.

— என்னைப் பற்றி நீ அப்பிடியோ நினைச்சு வைச்சிருக்கிறாய்? உன்னை இடுப்பிலை வைச்சுத் தூக்கித் திரிஞ்சவள் நான். பங்கருக்குள்ளை உன்ரை காதைப் பொத்திக்கொண்டு இருந்தவள். உன்ரை கண்ணை விட எனக்குக் கேக் பெரிசோ?

— அழாதேங்கோ அக்கா. நான் அப்பிடிச் சொல்லேல்லை.

— அப்பிடித்தான் சொன்னனீ. அந்த வீடியோவை நான் எத்தினை தரம் போட்டுப் பாத்திருப்பன். நீ அறுகு வைக்கிற இடம் வந்தா, என்ரை தம்பி எவ்வளவு வடிவா நிக்கிறான் எண்டு ஒவ்வொரு முறையும் அவருக்குச் சொல்லுவன். இனி அதை நான் எப்பிடிப் பாக்கிறது?

— போனது போச்சு. விடுங்கோ.

— விடமாட்டன். ரெண்டு பேரும் கேளுங்கோ. அம்மாளாச்சி அறியச் சொல்லுறன், அண்டைக்கு ஒருத்தர் எனக்கு வாய் திறந்து சொல்லியிருந்தா அந்த நிமிசமே ரெலிபோன் எடுத்து மண்டபம் வேண்டாம் எண்டிருப்பன். லண்டன்காரரைத் திரும்பிப் போங்கோ எண்டிருப்பன். சனம் என்னத்தையும் கதைக்கட்டும்.

— உண்மையாவோ அம்மா?

— என்ன உண்மையாவோ? நான் பொய்க்குச் சத்தியம் பண்ணுறனானோ?

— இல்லை, எனக்குத் தெரியவேணும். எல்லாருக்கும் சொல்லி முடிஞ்ச பிறகும்? உடுப்பெல்லாம் வந்த பிறகும்?

— ஓம் பிள்ளை. எல்லாம் முடிஞ்ச பிறகும்.

— மருமேள், இஞ்சை வா. கையை எடு, கண்ணைக் கசக்காதை எண்டு இப்பதானே சொன்னனான். என்னடி இது, என்னைப் பார்.

— கார் பழகக் கண் சோதிக்கப் போன இடத்திலை, டொக்டரிட்டைப் போ எண்டு அனுப்பினவை மாமா. அம்மா, அரங்கேற்ற மண்டபத்துக்கு இப்ப ரெலிபோன் எடுங்கோ. எனக்கும் அந்த ஊதா வெளிச்ச ஒப்பரேசனுக்கு அரங்கேற்றக் கிழமையிலை திகதி தந்தவை, மாமாவுக்குச் செய்தமாதிரி நானே ரெலிபோன் எடுத்துத் தள்ளிப்போட்டிட்டன்.